சூடு தொடங்கும் இடம்

இன்னும் சுடக் காணோம். இடுப்பில் வைக்கும் முன்னால் சூடு பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து, தரையில் கிடக்கும் ஒத்தடத் தலையணையின் மேல் இரண்டு பாதத்தையும் ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன், சுடவே இல்லை. தண்ணீர் நன்றாகத்தான் கொதித்தது. குண்டாவில் தளதளவென்று கொதித்த பிறகு அடுப்பை அணைத்து, மேகலா போனில் சொல்லிக்கொடுத்த மாதிரியே இதை மெதுவாக உள்ளே விட்டு, தட்டைப் போட்டு மூடி வைத்து, இடுக்கியால்தான் எடுத்து வந்தேன். கொதிக்கும்போதே போட்டால் உறை பிய்ந்து உள்ளே இருக்கும் நீலக் கூழ் வெளியே வந்துவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும், வாங்கி அனுப்பியவள் அவள்தானே. ஓசூரில் இருந்துகொண்டு மகள் என் இடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள், திருப்பூரில் இருந்துகொண்டு நான் அவள் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் வயிறு தெரிகிறது, தை மாதம் குழந்தை. அதை நினைக்காதே துளசிமணி, நினைத்தாலே கண் பட்டுவிடும், தலையணையைப் பார். இதற்கு மெத்தென்று ஒரு துணி உறை உண்டு, துவைத்துப் போட்டது ஐப்பசி மழையில் காயவில்லை, அதனால் வெறும் தலையணையைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் சுடவில்லை என்றால் இது இவர் வேலையாகத்தான் இருக்கும். எனக்கு இடுப்புக்குச் சூடு வேண்டும், இவருக்கு முட்டிக்குக் குளிர்ச்சி வேண்டும். சாயப்பட்டறை ஈரத்தில் ஆயுசெல்லாம் நின்று முட்டியைக் கெடுத்துக்கொண்டவர். நான் வெந்நீரில் போட, இவர் பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் போட, அதுவும் பாவம் என்ன செய்யும். ராத்திரி பூராவும் ஐஸில் கிடந்ததை எடுத்து வெளியே வைக்க மறந்திருப்பார், மேலே சூடும் உள்ளே ஜில்லுமாக இருக்கும். முன் ரூமில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் ஏதாவது கேட்டால் கேட்காத மாதிரி இருப்பதற்கு வசதி. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். வெடுக்கென்று விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். சுடுகிறது.

சுடுகிறது, நன்றாகவே சுடுகிறது, விரல் நுனி இன்னும் எரிகிறது. பாதம் அதன் மேலேயே இருக்கிறது. வயர் கூடையை மிதித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி சாவகாசமாக இருக்கிறது. ஏதோ ஒன்றை மிதித்திருக்கிறேன் என்பது மட்டும் முட்டி வழியாகத் தெரிகிறது, அது சூடா ஜில்லா என்று கேட்டால் பாதத்திடம் பதில் இல்லை. குதிகால் தோல் தடித்துப்போயிருக்கும், அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையில் இத்தனை வருசம் இருந்தால் யாருக்குத்தான் தடிக்காது. அப்படியானால் உள்ளங்காலின் நடுவில் தெரியவேண்டுமே, அங்கே தோல் மெல்லிசுதானே. பாதத்தை வளைத்து அந்தப் பள்ளத்தை அழுத்திப் பார்த்தேன். இல்லை. காலைத் தூக்கிக்கொண்டு தலையணையை மடியில் வைத்தேன். சேலைக்கு மேலேயே தொடை பொசுக்கென்றது, அப்பா என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முன் ரூமிலிருந்து, "என்ன புள்ள?" என்றார். "ஒண்ணுமில்லீங்க." உடம்பெல்லாம் குப்பென்று வேர்க்கிறது, மழை நாளில் வேர்க்கிறது. தொடைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிகிறது. முட்டியில் வைத்தேன், சூடு. முட்டிக்குக் கீழே ஆடுசதையில், சூடு, நல்ல சூடு, சுகமாகக்கூட இருக்கிறது. இன்னும் கீழே இறக்கினேன். கெண்டைக்கால் முடிகிற இடத்தில் சூடு கொஞ்சம் வெதுவெதுப்பானது. இன்னும் கொஞ்சம் கீழே. ஒன்றுமில்லை. மறுபடி மேலே, சூடு. மறுபடி கீழே, ஒன்றுமில்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வரப்பு போட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் பக்கம் என் நிலம், அந்தப் பக்கம் யாருடையதோ. இடது காலிலும் பார்த்தேன், அங்கே வரப்பு கொஞ்சம் தள்ளிக் கீழே இருந்தது. ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன், இடது கால் பரவாயில்லை என்று. கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி என் காலையே நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

எப்போதிருந்து இப்படி. யோசி. போன மாதம் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண், "அக்கா, ஒரு செருப்பு எங்கீங்?" என்றாள். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. முக்கு வேப்பமரத்தடியில் கழன்று கிடந்தது, அங்கிருந்து வீடுவரை சேற்றில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்தோம், பேரன் நினைப்பில் இருக்கிறேன் என்று நானே சொல்லிச் சிரித்தேன். அதற்கு முன்னால், ஓவர்லாக் மிஷின். பெடலை மெதுவாக மிதித்தேன் என்றுதான் நான் நினைத்தேன், மிஷின் கடகடவென்று ஓடிப் பனியன் கழுத்தைத் தாண்டித் தோள்வரை தைத்துவிட்டது. சூப்பர்வைசர், "என்னக்கா, பஸ்ஸா ஓட்டறீங்க?" என்றான். புது மோட்டார் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன், அவனும் வந்து பார்த்து, மோட்டார் நல்லாத்தான் இருக்குதுக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். மோட்டார் நல்லாத்தான் இருந்திருக்கிறது. அதற்கும் முன்னால், அந்த எறும்பு. படுத்தால் பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும், உதறி உதறிப் படுப்பேன், சக்கரை இருப்பவர்களுக்கு அப்படித்தான் என்றார்கள். திடீரென்று ஒருநாள் எறும்பு நின்றுவிட்டது. நின்றுவிட்டதே என்று கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். எறும்பு எங்கேயும் போகவில்லை, அது ஊருவதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா, போடுகிறேன், கம்பெனியில் டிபன் பாக்ஸை மறந்த நாள் தவிர, விரத நாள் தவிர, கல்யாண வீட்டு நாள் தவிர. அப்பாவும் இப்படித்தான் சொல்வார். அப்பாவை ஏன் இப்போது நினைக்கிறேன், வேண்டாம் என்றால் கேட்கிறதா இந்த மனசு. செருப்பில் ஆணி ஏறி, அதோடு சந்தைக்குப் போய், மாட்டுக்காரர்களோடு நின்று பேசி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார். "ஆணி அத்தனை ஏறீருக்குது, எனக்கு நோவே தெரியல பாத்துக்க" என்று அம்மாவிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னார். புண் ஆறவே இல்லை, முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அப்புறம் செருப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் ஒற்றைச் செருப்பு தரமுடியாது என்று சொல்லிவிட்டார், ஜோடியாக வாங்கி வந்து ஒன்றை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்த ஒரு செருப்பு கடைசிவரை புதுசாகவே இருந்தது.

டிவியில் விளம்பரம் ஓடுகிறது, இவர் இருமுகிறார். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா. ஏனுங்க, எனக்குக் கால் தெரியலீங்க. அவ்வளவுதானே, சொல்லிவிட்டால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார், என் மேல் பாசமில்லாதவரா. ஆனால் சொன்னால் அடுத்ததைக் கேட்பார். எப்போதிருந்து என்று கேட்பார். எப்போதிருந்து என்றால், பங்குனியில் இருந்ததா என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன், இதோ கேட்டுவிட்டேன். இவ்வளவு நேரம் செருப்பு, மிஷின், எறும்பு என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்ததெல்லாம் இதை மட்டும் தொடாமல் இருக்கத்தான். பங்குனியில் நான் குண்டம் இறங்கினேன். மகள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் சேலை கட்டி, ஒருவேளைச் சோற்றோடு விரதமிருந்து, விடியக் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையோடு வரிசையில் நின்றேன். ஊஞ்ச விறகு எரிந்து சிவந்து கிடந்த கங்கு, அதன் பக்கத்தில் நிற்கவே முகம் காந்தியது. எனக்கு முன்னால் இறங்கியவர்களெல்லாம் ஓடினார்கள். வசந்தாமணி, என் பக்கத்து மிஷின்காரி, ஆத்தா ஆத்தா என்று அலறிக்கொண்டு ஓடினாள், கரையேறிப் பால் குழியில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள், காலெல்லாம் கொப்புளம். நான் நடந்தேன். கூடத்திலிருந்து சமையல் கட்டுக்குப் போகிற மாதிரி நடந்தேன். எதையோ மிதிக்கிறேன் என்பது தவிர ஒன்றும் தெரியவில்லை. கூட்டமே குலவை போட்டது. பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசி, "உன்ற கால்ல ஆத்தா வந்து உக்காந்துட்டா தாயி" என்றார். பெண்கள் வரிசையாக வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இவர் டீக்கடையில் உட்கார்ந்து, "என்ற ஊட்டுக்காரிக்கு நெருப்பே பூவாயிடுச்சுங்க" என்று சொல்லாத ஆள் கிடையாது. நாலைந்து நாள் கழித்துக் கூட்டும்போது தரையில் ரத்தக் கறை, பார்த்தால் என் பாதத்தில் புண், செருப்புக் கடி என்று மஞ்சள் வைத்தேன். செருப்புக் கடி! வசந்தாமணிக்குச் சுட்டதற்கு அவள் விரதத்தில் குறை இருக்கும் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள், நானும் இல்லை என்று சொல்லவில்லை, அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் பார்த்தேன். அடுத்த மாதமே மேகலா நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போன் செய்தாள். நான் நின்ற இடத்திலேயே கீழே விழுந்து கும்பிட்டேன்.

அப்படியானால் அந்தக் காலில் ஆத்தா உட்காரவில்லை, சக்கரைதான் உட்கார்ந்திருந்தது. சொல்லிவிட்டேன், மனசுக்குள் சொல்லியாயிற்று, இனி எடுக்க முடியாது. நெருப்பு சுடாதவள் நெருப்பில் நடந்தால் அது நேர்த்திக்கடன் ஆகுமா. நோகாமல் கொடுத்ததை அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாளா. எடுத்துக்கொள்ளவில்லை என்றால், அந்தக் குழந்தை எதை நம்பி வந்தது, எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. சீ, அப்படியெல்லாம் இருக்குமா, வந்த குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவள் என்ன வட்டிக்கடைக்காரியா. டாக்டரம்மா ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னாள். ஆனாலும் நான் இந்தக் காலைப் பற்றி வாயைத் திறக்கும் நிமிசத்தில் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? வளைகாப்பு, கட்டுச்சோற்று விருந்து முடியட்டும், அவளைக் கூட்டி வந்து பிரசவம் ஆகட்டும், பிள்ளை வெளியே வந்து அழட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தைவரைக்கும்தானே. அப்பாவின் ஆணி எத்தனை நாள் பொறுத்தது. தைவரைக்கும் ஒரு ஆணி வராமல் இருக்குமா, ஒரு கண்ணாடித் துண்டு, கம்பெனியில் தரையெல்லாம் உடைந்த ஊசி. பிள்ளையா காலா என்று யாராவது கேட்டால் பிள்ளை என்று உடனே சொல்லிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. யோசித்துக்கொண்டே எப்போது மறுபடி தலையணை மேல் காலை வைத்தேன் என்று தெரியவில்லை. பார்த்தால் அங்கேதான் இருக்கிறது.

"இன்னும் ஆகலையா உனக்கு? எனக்கு முட்டி கெடந்து குத்துது, ஐஸ்ல போடோணும்" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். "காலுக்கா வெச்சிருக்கற? இடுப்புக்குத்தான அனுப்புனா." என் காலை ஒரு கையால் தூக்கி நகர்த்திவிட்டுத் தலையணையை எடுத்தார். "அய்யோ!" என்று அதைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கையை உதறினார். "கொதிக்குது புள்ள, இதையா மிதிச்சுட்டு உக்காந்திருக்கற?" இப்போது கேட்கப்போகிறார், இப்போது. அவர் சிரித்தார். "அதுசரி, குண்டத்துலயே சுடாத காலு, இதா சுடப்போவுது!" அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அப்பா ஆணியைக் காட்டிச் சிரித்த அதே சிரிப்பு. வாயைத் திறந்தேன், அதற்குள் தலைமாட்டில் போன் அடித்தது. மேகலா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் முன்னால் கூப்பிடுவாள். ஸ்பீக்கரைப் போட்டார், மகள் குரல் அவருக்கும் கேட்கவேண்டும்.

"அம்மா, ஒத்தடம் வெச்சியா?" என்றாள். வைத்தேன் என்றேன். "துணி சுத்தித்தான வெச்ச?" உம் என்றேன். பேரன் உதைக்கிறானா என்று இவர் கேட்டார், பேத்தியாவும் இருக்கலாம்ப்பா என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது, எல்லாம் நன்றாக இருக்கிறது, பேசாமல் இருந்துவிடு துளசிமணி. "அம்மா, நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். மாமியார்கிட்டகூட இன்னும் சொல்லல. கொழந்தை பொறந்து பங்குனியில கொழந்தையத் தூக்கிட்டு நானும் குண்டம் எறங்கறேன்னு." இவர், "அட்ரா சக்கை!" என்றார். "முதல்ல நெனைக்கவே பயமாத்தான் இருந்துச்சும்மா. அப்பறம் உன்னைய நெனச்சேன். உனக்குத் துளிகூடச் சுடலையல்ல? ஆத்தா உன்ற மகளை மட்டும் உட்ருவாளா? நானும் ஓடமாட்டேன், உன்னைய மாதிரியே நடந்துதான் போவேன்."

கையில் இரண்டு மாதக் குழந்தையோடு என் மகள் நடந்து போகிறாள். ஓடாமல் நடக்கிறாள், நல்ல கால், எல்லாம் தெரிகிற கால், சின்ன வயதில் கொலுசு உரசினாலே அழுத கால். பாதி தூரத்தில் நிற்கிறாள். வசந்தாமணி அலறிய குரல் என் காதில் கேட்டது. அலறினாலும் சுடச்சுடக் கடந்தவள் அவள்தான், தெரிந்தே இறங்கியவள் அவள்தான். "அம்மா? இருக்கியா?"

"சுடும் சாமி" என்றேன்.

"என்னம்மா?"

"நெருப்பு சுடும் கண்ணு. எல்லாருக்கும் சுடும். நீ எறங்கப்படாது. கொழந்தையோட எறங்கவே படாது. ஆத்தா கேக்கமாட்டா, நான் சொல்லிக்கறேன் அவகிட்ட."

"உனக்குச் சுடலைன்னு நீதான சொன்ன?"

"எனக்குத்தான் தெரியல. கால் தெரியல எனக்கு. இப்பவும் தெரியல." கட்டிலில் கிடந்த தலையணையையும் என் காலையும் இவர் மாறிமாறிப் பார்த்தார். பாதத்தின் அடி செக்கச்செவேலென்று இருந்தது, சுண்டுவிரல் பக்கம் தோல் உப்பிக்கொண்டு வந்தது. சிரித்த முகம் அப்படியே இருக்க, சிரிப்பு மட்டும் அதிலிருந்து போனது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, முட்டி நோவோடு, மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். என் கல்யாணத்துக்கு அப்புறம் என் காலடியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கண்ணை மூடு. நான் தொடறப்ப சொல்லு" என்றார்.

மூடிக்கொண்டேன். மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. போனில் மேகலா மூச்சு விடுவது கேட்டது. இவர் தொடும்போது தெரியும், விரல் குளிர்ச்சியாக இருக்கும், பட்டறையில் சாயம் ஏறிச் சொரசொரத்த விரல், அதுகூடவா தெரியாமல் போகும் என்று நினைத்துக்கொண்டே காத்திருந்தேன். அவர் தொடவே இல்லை.

"தொடுங்க" என்றேன். "ஏனுங்க, தொட்டுப்பாருங்கன்னு சொன்னனே."

கண்ணைத் திறந்தேன். என் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார்.